கறுப்பு பேடிங் ஊர்வலம்: ஜனவரி சியோலில் ஏழு நாள்

முதல் நாள்: இஞ்சோன் விமான நிலையம்

ஜனவரி சியோல் என்றதும் எல்லோரும் தலை முதல் கால் வரை மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்குகிறார்கள். முதல் கோளாறே அங்கேதான். விமான நிலையத்திலிருந்து ரயிலடிக்குக் கூரைக்குள்ளேயே நடந்துவிடலாம். ரயிலில் இருக்கைக்கு அடியிலிருந்து சூடு ஏறும். தெர்மல், ஸ்வெட்டர், ஜாக்கெட் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு சியோல் ஸ்டேஷன் வரை உட்கார்ந்திருந்தால் முதுகு நனைந்துவிடும். அந்த வேர்வையோடு தெருவில் கால் வைத்த பிறகுதான் குளிர் தன் வேலையைக் காட்டும். மைனஸ் 8 டிகிரியில் ஈரத் தெர்மல் போட்டிருப்பதைவிடப் போடாமலே இருக்கலாம்.

உள்ளூர்க்காரர்களைக் கவனியுங்கள். வெளியே முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஒரு பெரிய ஜாக்கெட். அதைக் கழற்றினால் உள்ளே ஒரு ஸ்வெட் ஷர்ட்டோ மெல்லிய கம்பளிச் சட்டையோதான் இருக்கும். கடை, அலுவலகம், பஸ், வீடு எல்லாம் சூடாக இருக்கிற ஊரில் நாலு அடுக்கு உடுத்தினால் வேலைக்காகாது. வீட்டுத் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடும், ஒந்தோல் என்பார்கள். வீட்டுக்குள் வெறுங்கால், டீ-ஷர்ட். ஆக, குளிரைத் தாங்குகிற பொறுப்பு மொத்தமும் ஒரே ஒரு துணியின் தலையில். நாலு மாதம் ஊர் கண்ணில் படுவதும் அந்த ஒரே துணிதான். உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. வசதி, வயசு, கூட்டம், ரசனை எல்லாவற்றையும் அந்த ஜாக்கெட்தான் சொல்லியாக வேண்டும். இந்த ஊர் ஆட்கள் ஒரு ஜாக்கெட்டுக்காக ஏன் இத்தனை அல்லாடுகிறார்கள் என்பதற்கு இதுதான் அடிப்படை.

பேடிங் என்ற சொல்லை இன்றே பழகிக்கொள்ளுங்கள். இறகோ செயற்கைப் பஞ்சோ அடைத்துத் தைத்த ஜாக்கெட் எதுவானாலும் கொரியாவில் அது பேடிங்தான். நீளமானது லாங் பேடிங், இடுப்போடு நிற்பது ஷார்ட் பேடிங். கோட்டுக்குள் போடுகிற மெலிந்த ரகம் கியோங்ரியாங் பேடிங், அதாவது எடை குறைந்தது.

வானிலைக் கணக்கும் கொஞ்சம். சியோலின் ஜனவரி சராசரி மைனஸ் 2 டிகிரி வாக்கில். சைபீரியக் காற்று இறங்கினால் காலையில் மைனஸ் 10ஐ எளிதாகத் தாண்டும். அதிகாலை வெப்பநிலை மைனஸ் 12 அல்லது அதற்குக் கீழே இரண்டு நாள் நீடிக்கும் என்றால் குளிர் அலை எச்சரிக்கை; மைனஸ் 15 என்றால் அதற்கு மேற்பட்ட அபாய எச்சரிக்கை. மூன்று நாள் குளிர், நாலு நாள் இதம் என்று பொருள்படும் சம்ஹன்-சாவோன் என்ற பழஞ்சொல் உண்டு. இப்போது அதைத் திருப்பி சம்ஹன்-சாமி என்கிறார்கள்: மூன்று நாள் குளிர், நாலு நாள் தூசி. காற்று நின்று இதமாகும் நாளில் நுண்தூசி வந்து உட்கார்ந்துகொள்ளும். மொபைலில் வெப்பநிலையைப் பார்க்காதீர்கள், 'உணரும் வெப்பநிலை'யைப் பாருங்கள். ஹான் நதிப் பாலத்தில் இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு டிகிரி இடிக்கும்.

பெட்டியில் வைக்க வேண்டியது: மெல்லிய உள்ளாடை இரண்டு செட், காற்றுப் புகாத ஜாக்கெட் ஒன்று, கழுத்துத் துணி. பேடிங்கை இங்கேயே வாங்கலாம். இஞ்சோனில் ஒரு விசித்திரமான ஏற்பாடு உண்டு. குளிர்காலத்தில் இங்கிருந்து வெப்ப நாட்டுக்குப் பறக்கும் பயணிகளின் கோட்டைச் சில நாளுக்கு இலவசமாக வாங்கி வைத்துக்கொள்ளும் சில கொரிய விமான நிறுவனங்கள். பேங்காக் வெயிலில் லாங் பேடிங்கைத் தூக்கிக்கொண்டு திரிய முடியாதல்லவா!

இரண்டாம் நாள்: மெட்ரோ 2ஆம் லைன், ஹோங்தே

ஆள் பாதி ஆடை பாதி என்பது நம்ம ஊர்க் கணக்கு. ஜனவரிக் காலை எட்டு மணிக்கு 2ஆம் லைனில் ஆள் கால், பேடிங் முக்கால். நிறம் பெரும்பாலும் கறுப்பு. மிச்சம் வெள்ளை, சாம்பல், கம்பளி நூலின் இயல்பான வெளிர்நிறம். ஆரஞ்சு ஜாக்கெட் தெரிந்தால் அவர் சுற்றுலாப் பயணியாகவோ மலையேறக் கிளம்பிய பெரியவராகவோதான் இருப்பார்.

கறுப்புக்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் நியாயமானவைதான். அழுக்குத் தெரியாது, சீருடைக்கும் கோட்-சூட்டுக்கும் ஒத்துப்போகும், பழசாக விற்கும்போது விலை போகும். சொல்லாத காரணம் ஒன்று உண்டு: கூட்டத்தில் துருத்திக்கொண்டு தெரியாது. முனை நீண்ட கல்லுக்குத்தான் உளியடி விழும் என்பது கொரியப் பழமொழி. ஊரோடு ஒத்து வாழ் என்று நாம் புத்தி சொல்கிறோம். அவர்கள் உளியைக் காட்டுகிறார்கள்.

தங்களைத் தாங்களே கேலி செய்வதிலும் குறைச்சல் இல்லை. கறுப்பு லாங் பேடிங் போட்டவர் 'கிம்பாப்', கடற்பாசியில் சுருட்டிய சோற்று உருளை. இன்னொரு பெயர் 'நடமாடும் ஸ்லீப்பிங் பேக்'. மரக்கட்டைப் பித்தான் வைத்த டஃபிள் கோட்டுக்கு 'தொக்போக்கி கோட்'. பித்தான் ஒவ்வொன்றும் தொக்போக்கியில் போடும் அரிசிக் கொழுக்கட்டை போலவே இருக்கும். செம்மறி ரோமம் மாதிரி சுருண்ட ஃப்ளீஸ் ஜாக்கெட் 'போகுரி'.

லாங் பேடிங்கைப் போடத் தெரியாமல் போட்டால் மெட்ரோ படியில் விழுவீர்கள். அதன் ஜிப் இரண்டு பக்கம் ஓடும் ஜிப், ஸ்லைடர் இரண்டு. படி ஏறுவதற்கும் உட்காருவதற்கும் முன்னால் கீழ் ஸ்லைடரைத் தொடை வரை மேலே ஏற்றி விட வேண்டும். ஏற்றாமல் உட்கார்ந்தால் துணி இழுபட்டு ஜிப்பின் பல் பிளக்கும். பூட்டும்போது இரண்டு ஸ்லைடரும் அடி வரை இறங்கி ஒன்றின் மேல் ஒன்று ஒட்டி நிற்க வேண்டும். அதன் பிறகுதான் ஊசிமுனையை நுழைக்கலாம். கீழ் ஸ்லைடர் ஒரு சென்டிமீட்டர் மேலே நின்றாலும் மேலே இழுக்க இழுக்கக் கீழே பிளந்துகொண்டே வரும். பலர் ஜிப் பழுதென்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவது இதற்குத்தான். ரயிலில் உட்காரும்போது வால் பகுதியை மடியில் அள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து இருக்கையில் அது பரவினால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், ஒரு பார்வை மட்டும் வரும்.

இளைஞர் கூட்டம் திரளும் ஹோங்தேயில் குட்டைப் பாவாடையும் வெறுங்காலுமாக நடக்கிற பெண்களைப் பார்த்து எல்லோரும் கேட்கும் கேள்வி: எப்படித் தாங்குகிறார்கள்? பல கால்கள் வெறுங்கால் அல்ல. கிமோ ஸ்டாக்கிங் என்று ஒன்று இருக்கிறது. வெளியே மெல்லிய கறுப்பு வலை, உள்ளே தோல் நிறத்தில் பஞ்சு போன்ற துணி. இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் மெல்லிய கறுப்பு ஸ்டாக்கிங் வழியாகத் தோல் தெரிகிற மாதிரியே இருக்கும். ஏமாற்று வேலையின் குட்டு உடைவது முழங்கால் மடிப்பிலும் கணுக்காலிலும். அங்கே துணி சுருங்கி உள்நிறம் திட்டாகத் தெரியும். வாங்கும்போது உள்நிறம் உங்கள் தோல் நிறத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். இங்கே கிடைப்பதெல்லாம் வெளிர்நிறமே. மாநிறத்துக்கு மேல் என்றால் உள்ளும் வெளியும் கறுப்பாக இருப்பதையே எடுங்கள்.

இரவில் பன்றி இறைச்சி சுடும் கடைக்குப் போனால், உட்காரும் உருளை ஸ்டூலின் மூடியைத் திறந்து உள்ளே பேடிங்கைச் சுருட்டி வைத்து மூடிவிட்டு அதன் மேலேயே உட்காருவார்கள். இறகுக்குள் ஏறிய கொழுப்புப் புகை ஒரு வாரம் போகாது. ஸ்டூல் இல்லாத கடையில் பெரிய பிளாஸ்டிக் பை தருவார்கள். வாசலில் மணத் தெளிப்பான் இருக்கும்.

மூன்றாம் நாள்: தேச்சி-தோங், இரவு பத்து மணி

பகலில் இங்கே பார்க்க ஒன்றும் இல்லை. இரவு பத்து மணிக்கு வர வேண்டும். சியோலில் தனிப்பயிற்சி நிலையங்கள் பத்து மணிக்கு மேல் பாடம் நடத்தக் கூடாது என்பது விதி. நகரத்திலேயே இவை நெருக்கியடித்து நிற்பது இந்தத் தெருவில்தான். பத்தடித்ததும் எல்லாக் கட்டடமும் ஒரே நேரத்தில் பிள்ளைகளைக் கொட்டும். சாலையோரம் அம்மாக்களின் கார்கள் இரட்டை வரிசையில். பையன்கள், பெண்கள், கறுப்பு, கறுப்பு, வெள்ளை, கறுப்பு. தூரத்திலிருந்து தன் பிள்ளை எது என்று எந்த அம்மா கண்டுபிடித்தாலும் பாராட்ட வேண்டியதுதான்.

இது எப்படி வந்தது? சீருடையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1983இல் கொரிய அரசு பள்ளிச் சீருடையை எடுத்துவிட்டது. பிள்ளைகளின் துணிச் செலவும் ஏற்றத்தாழ்வும் கண்ணை உறுத்தவே, 1986 முதல் பள்ளிகளே முடிவு செய்யலாம் என்று ஆனது. சீருடை திரும்ப வந்தது. எல்லோரும் ஒரே சட்டை, ஒரே டை. மிச்சம் இருந்த ஒரே சுதந்திர நிலம் குளிர்கால மேலாடை. போட்டி மொத்தமும் அங்கே குடியேறியது.

2011 வாக்கில் நார்த் ஃபேஸ் என்ற மலையேற்ற உடைக் கம்பெனியின் நுப்ட்சே என்ற குட்டைப் பேடிங் வகுப்பறைகளை நிரப்பியது. 'இரண்டாவது சீருடை' என்று அதற்குப் பெயர் விழுந்தது. இணையத்தில் ஒரு படிநிலை அட்டவணை சுற்றியது. சுமார் 2.5 லட்சம் வோன் மாடல் போடுபவன் அடித்தட்டு, 7 லட்சம் வோன் பக்கம் போனால் தலைவன். 1,000 வோன் ஏறக்குறைய 60 ரூபாய் என்று வைத்தால், உச்சியில் இருப்பது நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல். பெற்றோரின் முதுகெலும்பை முறிக்கிற பொருள் என்ற அர்த்தத்தில் 'துங்கோல் ப்ரேக்கர்' என்ற சொல் பிறந்தது அப்போதுதான். சின்னப் பையன்களிடமிருந்து ஜாக்கெட்டைப் பறித்த வழக்குகள் காவல் நிலையம் வரை போயின. பி.டி.எஸ். குழு 2014இல் இந்தப் பெயரிலேயே ஒரு பாட்டு வெளியிட்டது. கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த ஜாக்கெட்டில் கம்பெனிப் பெயர் இரண்டு இடத்தில் தைத்திருக்கும்: முன்னால் இடது மார்பில், பின்னால் வலது தோளில். மலையேறுபவருக்குப் பின்தோள் சின்னத்தால் என்ன பிரயோசனமோ தெரியாது. வகுப்பறையில் அது பின் பெஞ்சுக்காரன் கண்ணுக்கு நேரே நாள் முழுக்க இருக்கும்!

இதில் அழுத்தம் வேலை செய்கிற விதத்தைக் கவனிக்க வேண்டும். 'நீ ஏன் போடலை' என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்பதெல்லாம் 'குளிரலையா?' என்றுதான். அக்கறையான கேள்வி. ஆனால் ஒரே காலையில் நாலு பேர் கேட்டால் அதன் அர்த்தம் வேறு. சொல்லாததைப் புரிந்துகொள்ளும் இந்தத் திறமைக்கு நுன்ச்சி என்று பெயர். கண்ணளவு என்று வைத்துக்கொள்ளலாம். நுன்ச்சி இல்லாதவன் என்பது இங்கே கடுமையான வசவு. பிள்ளை வீட்டில் வந்து சொல்வதும் 'எனக்கு அந்த ஜாக்கெட் பிடிச்சிருக்கு' என்று இருக்காது. 'எல்லாரும் போடுறாங்க' என்று இருக்கும். அதற்கு எந்த அம்மாவிடமும் பதில் இல்லை.

சக்கரம் சுற்றும் வேகத்தையும் பாருங்கள். எல்லோரும் நுப்ட்சே போட்டதும் அதன் மவுசு இறங்கியது. தம்பிகளும் சித்தப்பாக்களும் போட ஆரம்பித்தால் பதினாறு வயசுக்காரன் கழற்றிவிடுவான். 2013 பக்கம் கனடா கூஸ், மோங்க்ளேர் என்ற இரண்டு கம்பெனிப் பெயர்களையும் சேர்த்துச் சுருக்கி 'கே-மோங்' என்றார்கள். இந்த முறை முறிந்தது இன்னும் விலை உயர்ந்த முதுகெலும்பு. பிறகு லாங் பேடிங். அது முதலில் விளையாட்டு வீரர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது போடும் உடை. படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் போட்டதைப் பார்த்துத் தெருவுக்கு வந்தது. பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்ஸுக்காக 2017 நவம்பரில் லோத்தே டிபார்ட்மென்ட் ஸ்டோர் விற்ற லாங் பேடிங்தான் உச்சம். இறகு அடைத்தது, விலை 1,49,000 வோன், தைத்தது 30,000 மட்டும். கடை வாசலில் ராத்திரியே வரிசையில் படுத்தார்கள். ஒலிம்பிக்ஸ் பிப்ரவரியில்தான், ஜாக்கெட் நவம்பரிலேயே காலி. அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் அந்த நீளமும் பழசாகி, 1996 மாடல் என்ற பெயரில் அதே குட்டை நுப்ட்சே திரும்ப வந்து உட்கார்ந்தது. அண்ணன் பரணில் போட்டது தம்பிக்குப் புதுசு.

பள்ளிகள் சும்மா இருக்கவில்லை. சீருடை பிளேசரைப் போட்டு அதன் மேல்தான் பேடிங் போடலாம் என்பது பல பள்ளிகளில் இருந்த விதி. சீருடை பிளேசரோ உடம்போடு ஒட்டித் தைத்தது; அதன் மேல் பேடிங் போட்டால் கையைத் தூக்க முடியாது. பிள்ளைகள் வாசல் வரை பிளேசரைப் பையில் வைத்திருந்து கண்காணிப்பவர் கண்ணில் பட்டதும் மாட்டுவார்கள். விதி போட்டவர்களுக்கும் இது தெரியும்.

நான்காம் நாள்: தோங்தேமுன்

வாங்குகிற நாள். டி.டி.பி. என்ற அந்த வெள்ளித் திமிங்கலக் கட்டடத்துக்கு ஒரு பக்கம் சில்லறை மால்கள், மறுபக்கம் மொத்த வியாபாரம். மொத்தக் கடைகள் இரவு எட்டுக்கு மேல் விழித்து விடிகாலை ஐந்து வரை ஓடும். நடைபாதை முழுக்க ஆள் உயர மூட்டைகள். வெளியூர்க் கடைக்காரர்களுக்காகச் சரக்கு எடுத்துக் கட்டும் ஆட்களை 'சாயிப் சம்ச்சோன்', கொள்முதல் சித்தப்பா, என்பார்கள். துணி மார்க்கெட் இரண்டு தெரு தள்ளி, தையல்காரர்கள் சாங்சின்-தோங் மேட்டில், நடுவே ஓயாமல் மோட்டார் சைக்கிள். ஒரு நடிகை திரையில் போட்ட கோட்டுக்குச் சில நாளில் இங்கே ஜோடி தொங்கும். கொரியாவில் மோஸ்தர் இத்தனை சீக்கிரம் ஊர் முழுக்கப் பரவுவதற்கு நுன்ச்சி பாதிக் காரணம், இந்த மோட்டார் சைக்கிள்கள் மீதி.

ஒற்றை உருப்படி வாங்க மொத்தக் கடைக்குப் போகாதீர்கள். தர மாட்டார்கள், போட்டுப் பார்க்கவும் விட மாட்டார்கள். சனிக்கிழமை இரவு போனால் பூட்டியிருக்கும். சில்லறை மாலில் அல்லது எக்ஸ்பிரஸ் பஸ் டெர்மினலுக்குக் கீழே ஓடும் கோத்தோ மால் சுரங்கக் கடைகளில் வாங்கலாம். சுரங்கக் கடைகளிலும் போட்டுப் பார்க்க முடியாத உருப்படிகள் நிறைய. வாங்கியதைத் திருப்புவது குதிரைக்கொம்பு. போட அனுமதித்தால் முகத்துக்கு மெல்லிய உறை ஒன்று தருவார்கள், மேக்கப் துணியில் படாமலிருக்க. மாட்டிக்கொண்டு தலையை நுழையுங்கள், அவமானம் ஒன்றும் இல்லை.

அளவு: ஆண்களுக்கு 95, 100, 105, 110. மார்புச் சுற்றளவு சென்டிமீட்டரில், அவ்வளவுதான். பெண்களுக்கு 44, 55, 66, 77 என்று ஓடும். 55 என்பது ஒரு காலத்துச் சராசரிப் பெண்ணின் உயரம் 155, மார்பு 85 என்பதன் கடைசி இலக்கங்கள். எண் இன்னும் நடமாடுகிறது, அதோடு 55க்குள் நுழைந்தாக வேண்டும் என்ற ஏக்கமும். 'ஃப்ரீ சைஸ்' என்று தொங்குவது 55க்கும் 66க்கும் நடுவே. அதற்கு மேற்பட்ட உடம்பு ஃப்ரீயில் சேர்த்தி இல்லை. தோள் அகலமும் மேல்கைச் சுற்றளவும் முதலில் இடிக்கும். அளவு நாடா கையில் இருக்கட்டும்.

பேடிங்கில் பார்க்க வேண்டியது உள்தையலில் இருக்கும் துணிச்சீட்டு. மொபைல் கேமராவை மேலே பிடித்து மொழிபெயருங்கள். அடைத்தது வாத்தின் இறகா, கூஸ் என்ற பெருவாத்தின் இறகா? மென்தூவி எத்தனை சதவீதம், காம்புள்ள இறகு எத்தனை? தூவி 80, இறகு 20 என்பது நல்ல விகிதம். 90க்கு 10 இன்னும் இலேசு, விலை ஏறும். 'ஃபில் பவர்' என்ற எண்ணைக் கடைக்காரர் பெருமையாகச் சொல்வார். ஒரு அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் உப்பும் என்பது அது. 600 போதும், 800 உயர்ரகம். ஆனால் எல்லோரும் கேட்க மறப்பது அடைத்த எடையை. 80 கிராம் அடைத்த 800ஐவிட 300 கிராம் அடைத்த 600 உங்களைக் காப்பாற்றும். லாங் பேடிங்கில் 300 கிராம் இருந்தால் சியோலின் எந்த இரவுக்கும் தாங்கும்.

கையால் ஒரு சோதனை. முன்பக்கக் கட்டம் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பத்து வினாடி அழுத்திவிட்டு விடுங்கள். உடனே உப்பினால் தூவி நல்லது. மெதுவாக எழுந்தாலோ விரலில் குச்சி குச்சியாக நெருடினாலோ இறகு அதிகம். தோள் மேல் தையலைத் தடவுங்கள், ஊசித் துளையில் வெள்ளை நுனி எட்டிப் பார்த்தால் வேண்டாம். பின்னாளில் இறகு வெளியே வந்தால் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் துளை பெரிதாகி அடுத்ததும் வரும். உள்பக்கத்திலிருந்து துணியைப் பிடித்து அதை உள்ளே இழுத்துக்கொண்டு, வெளியே தையல் இடத்தை விரலால் தேய்த்துவிடுங்கள்.

சுற்றுலாப் பயணிக்கு வரியைத் திருப்பித் தரும் கடையில் 15,000 வோனுக்கு மேல் வாங்கினால் பாஸ்போர்ட்டைக் காட்டி அங்கேயே வரி கழித்து வாங்கலாம். இன்னொரு ரகசியம்: லாங் பேடிங்கை மலிவாக வாங்க ஜூலை, ஆகஸ்ட்தான் மாதம். பருவத்துக்கு எதிர் விற்பனை என்று நடத்துவார்கள். வேர்க்க வேர்க்கப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் நாள்: ஹ்வாச்சோன் பனிக்கட்டி ஆறு

சியோலுக்கு வடகிழக்கே மலைக்குள். ஆறு உறைந்து, மேலே துளை போட்டு மீன் பிடிக்கிற திருவிழா ஜனவரியில். இங்கே வந்தால் பேடிங் எதற்குப் பிறந்ததென்று தெரியும். கம்பெனிப் பெயரை யாரும் பார்ப்பதில்லை. மீன் வாசனை ஏறினாலும் பரவாயில்லை என்று பழசைத்தான் போட்டு வருகிறார்கள். பரணில் போன லாங் பேடிங் எல்லாம் இங்கேதான் மறுபிறவி எடுக்கும்.

பனிக்கட்டி மேல் குளிர் காலடியிலிருந்து ஏறும். இரண்டு ஜோடி சாக்ஸைத் திணித்து ஷூவை இறுக்குவது தப்பு, ரத்தம் ஓடாமல் விரல் மரத்துவிடும். அரை அளவு பெரிய ஷூ, ஒரே ஒரு தடித்த கம்பளி சாக்ஸ், நிற்கும் இடத்தில் ஒரு அட்டை அல்லது தெர்மோகோல் துண்டு. கன்வீனியன்ஸ் ஸ்டோரில் விற்கும் ஹாட் பேக் உள்ளே இருப்பது இரும்புத் தூள், உப்பு, கரி. உறையைப் பிரித்ததும் காற்றுப் பட்டு இரும்பு துருப்பிடிக்கும், அந்தச் சூடுதான். எனவே காற்று இல்லாமல் ஷூவுக்குள் திணித்தால் சாதாரண பேக் அணைந்துவிடும், ஷூவுக்கென்றே தனி ரகம் உண்டு. ஒட்டும் ரகத்தை உள்ளாடைக்கு வெளிப்பக்கம் ஒட்டுங்கள். தோலில் நேரே ஒட்டிக்கொண்டு தூங்கினால் வலி தெரியாமலே கொப்புளம் வரும்.

ஆறாம் நாள்: சோங்சு-தோங்

பழைய செருப்புத் தொழிற்சாலைகள் கஃபேக்களாகவும் துணிக் கடைகளாகவும் மாறிய பேட்டை. இங்கே வேறு ஜாதி. 'ஒல்-சுக்-கோ' என்று தங்களைச் சொல்லிக்கொள்வார்கள்: உறைந்து செத்தாலும் கோட்டுதான். இதே வாய்பாட்டில்தான் உறைந்து செத்தாலும் ஐஸ் அமெரிக்கானோ குடிப்பவர்கள் 'ஒல்-சுக்-ஆ'. மைனஸ் 10இல் ஒரு கையில் ஐஸ் காபி, உடம்பில் பித்தான் போடாத கம்பளிக் கோட்டு. பார்க்கிற நமக்குத்தான் நடுங்கும்.

அவர்கள் செத்துவிடாமல் இருப்பதன் சூட்சுமம் கோட்டுக்குள். முதல் நாள் சொன்ன கியோங்ரியாங் பேடிங்கைக் கழுத்துப் பட்டையில்லாத வி வடிவில் வாங்கி, மேல் பித்தானுக்குக் கீழே ஒளித்துவிடுவார்கள். கோட்டை ஒரு அளவு பெரிதாக எடுப்பது இதற்காகத்தான். கோட்டில் கம்பளி 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது. பாலியெஸ்டர் கூடக் கூடக் கதகதப்பு குறையும், மேலே பந்து பந்தாக நூல் உருளும். இந்தப் பாணிக்கும் ஒரு சொல் உண்டு: 'கு-ஆன்-கு', அலங்கரித்தும் அலங்கரிக்காத மாதிரி. மெனக்கெட்டது தெரியக் கூடாது என்பதற்காக மெனக்கெடுவது.

துருத்தாமல் இருப்பதற்கும் எல்லை உண்டு என்பதை மூசின்சா விவகாரத்தில் பார்க்கலாம். 2001இல் ஷூ படங்கள் போடும் இணையக் குழுவாகத் தொடங்கி, இன்று இளைஞர்கள் துணி வாங்கும் பெரும் சந்தை அது. அங்கே தரவரிசையில் மேலே இருப்பதை அப்படியே வாங்கி மாட்டிக்கொள்கிறவனைப் பார்த்து 'மூசின்சா வாடை அடிக்கிறது' என்று கிண்டல் செய்தார்கள். தனியாகத் தெரிந்தாலும் குற்றம், அச்சில் வார்த்த மாதிரி இருந்தாலும் குற்றம். நடுவே ஒரு மயிரிழைப் பாதை இருக்கிறது. அதில் நடப்பவன்தான் நாகரிகமானவன்.

தேச்சி-தோங் அம்மாக்களுக்கு நடந்தது இன்னும் வேடிக்கை. 20 லட்சம் வோனுக்கு மேல் விலையுள்ள மோங்க்ளேர் பேடிங் அந்தப் பகுதி அம்மாக்களின் சீருடை போலாகியிருந்தது. 2025 பிப்ரவரியில் இ சூ-ஜி என்ற நகைச்சுவை நடிகை அந்தப் பேடிங்கைப் போட்டுக்கொண்டு, பிள்ளையைப் பயிற்சி வகுப்புக்குக் காரில் ஏற்றி இறக்கும் 'ஜேமி அம்மா'வாக ஒரு யூடியூப் வீடியோவில் வந்தார். சிரிப்பு நாடு முழுக்கப் பரவியது. பழைய பொருள் விற்கும் தாங்குன் ஆப்பில் மோங்க்ளேர் வரிசை கட்டியது. சேர்ந்து போட வைத்த அதே கண்கள்தான் சேர்ந்து கழற்றவும் வைத்தன.

ஏழாம் நாள்: குவாங்ஜாங், தோங்மியோ, பெட்டி கட்டுதல்

குவாங்ஜாங் சந்தையில் எல்லோரும் கீழ்த்தளத்தில் பஜ்ஜி வாசனையோடு நின்றுவிடுகிறார்கள். பழைய துணிக் கடைகள் இரண்டாம் தளத்தில். கம்பளிக் கோட்டு, தோல் ஜாக்கெட் நல்லதாகக் கிடைக்கும், பேரம் உண்டு. அக்குளையும் கழுத்துப் பட்டையின் உள்மடிப்பையும் பாருங்கள். தோங்மியோவில் தெருவில் குவியலாகக் கொட்டி வைத்திருப்பார்கள். தாத்தாக்களும் கல்லூரிப் பையன்களும் ஒரே குவியலைக் கிளறுவார்கள். இங்கே பேடிங் மட்டும் வாங்காதீர்கள். பழைய தூவி ஈரம் பட்டுக் கட்டி தட்டியிருந்தால் கழுவினாலும் எழாது.

தேட வேண்டியது இரண்டு. ஒன்று 'கல்கரி': ராணுவத்தில் சட்டைக்கு மேல் போடும் மெத்தைத் தையல் உள்ஜாக்கெட். அநேகமாக எல்லா ஆண்களும் ராணுவம் போய்த் திரும்பும் நாட்டில் இதன் கதகதப்பை அறியாதவர் இல்லை. இன்னொன்று கிம்ஜாங் சட்டை. நவம்பர் கடைசியில் குடும்பமாகக் கூடிக் கிம்ச்சி ஊறுகாய் போடும்போது பாட்டிகள் மாட்டும் கையில்லாத மெத்தைச் சட்டை. ஊதாவிலும் சிவப்பிலும் பெரிய பெரிய பூ, உள்ளே பஞ்சு போன்ற துணி. கிராமத்துப் பாட்டியைத் தவிர யாரும் தொடாத இதை ஐடல் எனப்படும் பாப் பாடகிகள் போட்டுப் படம் எடுத்ததும் நகரத்துப் பெண்கள் வரிசைக்கு வந்துவிட்டார்கள். சந்தையில் 10,000 வோன் பக்கம் கிடைக்கும். கறுப்புக் கடலில் இத்தனை பூவை அனுமதித்தது எப்படி என்றால், எல்லோரும் போடுகிறார்கள்.

கடைசியாகப் பராமரிப்பு. பேடிங்கை ட்ரை க்ளீனிங்குக்குக் கொடுக்காதீர்கள்; கரைப்பான் தூவியின் இயல்பான எண்ணெயை எடுத்துவிடும். 30 டிகிரி தண்ணீர், காரமில்லாத திரவச் சோப்பு, ஜிப்பையும் வெல்க்ரோவையும் மூடி உள்பக்கம் வெளியே திருப்பி மெதுவாகச் சுழற்றுங்கள். துணி மென்மையாக்கி சேர்க்கக் கூடாது. நிழலில் படுக்கப் போட்டு உலர்த்துங்கள். பாதி உலர்ந்ததும் கட்டி தட்டிய இடத்தைக் கையால் தட்டிப் பிரியுங்கள், அல்லது உலர்த்தியில் இரண்டு டென்னிஸ் பந்தோடு குறைந்த சூட்டில் சுற்றுங்கள். தொட்டால் உலர்ந்த மாதிரி இருந்தாலும் இன்னொரு நாள் விடுங்கள். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் அரைகுறையாக உலர்ந்த தூவி பூஞ்சை பிடித்து நாறும்.

பெட்டியில் இடமில்லையென்று காற்றை உறிஞ்சும் பையில் அமுக்கினால் ஊர் போய்ச் சேரும் வரைதான் அது இருக்கலாம். இறங்கிய அன்றே பிரித்து உதறி அகலமான தோளுள்ள ஹாங்கரில் தொங்கவிடுங்கள். கிம்ஜாங் சட்டையை எப்படி வேண்டுமானாலும் சுருட்டித் திணிக்கலாம், அதற்கு ஒன்றும் ஆகாது.